பெங்களூரு பள்ளிகளுக்கு: தெர்மாகோல் பூமி போதும்

பெங்களூரு பள்ளி நிர்வாகிகளுக்கும், அறிவியலும் புவியியலும் எடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். அல்சூரில் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோரில் ஒருவன் எழுதுகிறேன். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் நெருங்கினாலே எங்கள் வீட்டில் சார்ட், ஸ்கெட்ச், தெர்மாகோல் என்று செலவு ஆரம்பித்துவிடும். சுற்றுச்சூழலைக் காப்பாற்றச் சொல்லி தெர்மாகோலில் ஒரு பூமி உருண்டை. மறுவாரம் அது குப்பையில். (அதைப் பாதிக்கு மேல் செய்வது அப்பா அம்மாதான் என்பது உங்களுக்கும் தெரியும்.)

என் மகள் ஏழாவது படிக்கிறாள். கடல், மேகம், மலை, ஆறு என்று அம்புக்குறி போட்டு நீர்ச்சுழற்சியை அழகாக வரைவாள். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "மாடி டேங்க்" என்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தப் படத்தில் பம்பும் கிடையாது, சாக்கடையும் கிடையாது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியை ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றித்தான் இந்த ஊர் குடிக்கிறது என்பதை யாராவது அவளிடம் சொல்ல வேண்டாமா?

இந்த ஊர் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். மேட்டுக்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி ஆற்றில் இறங்கி, அர்க்காவதி ஆற்றில் சேர்ந்து, காவிரி வழியாக மேட்டூருக்குப் போகிறது. கிழக்குப் பக்கம் எங்கள் அல்சூர் ஏரி நிரம்பி வழிந்தால் அது ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக பெள்ளந்தூர் ஏரி, அப்புறம் வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தென்பெண்ணையில் இறங்கி ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போய்விடும். வழியெல்லாம் நாம் விடும் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. மதகில் விழும்போது அடித்துக் கலக்கப்பட்டு வெள்ளை வெள்ளையாக நுரை எழும்புகிறதே, அந்த ஒரு நுரையை வைத்து வேதியியல், புவியியல், குடிமையியல் மூன்றையும் நடத்தலாம். வகுப்பில் ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள், தாத்தா ஊரில் அந்த நுரையைப் பார்த்திருப்பார்கள்.

பாறை பாடத்துக்கு லால்பாக் இருக்கிறது. கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்கு சுமார் 300 கோடி வயது, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் அதன் மேல் உட்கார்ந்து கடலை கொறித்துவிட்டுப் போகிறார்கள், நம் பிள்ளைகள் புத்தகத்தில் அதே நைஸ் (gneiss) பாறைக்கு விளக்கம் மனப்பாடம் செய்கிறார்கள். குனிந்து பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக மடிந்து ஓடுவது தெரியும், பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்த கல் அது. இதே வகைப் பாறைதான் ஊருக்கு அடியிலும். அதில் தண்ணீர் நிற்க இடம் மேலே சிதைந்த அடுக்கும் அதற்குக் கீழே உள்ள விரிசல்களும் மட்டும்தான். விரிசல் சிக்கவில்லை என்றால் ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் வரும். 2024 கோடையில் டேங்கருக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்கு இதை நடத்தினால் ஒருவரும் தூங்கமாட்டார்கள்.

சிலபஸை முடிக்கவே நேரமில்லை என்பீர்கள். சரி, புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். பாறை, ஆறு, நிலத்தடி நீர் எல்லாம் ஏற்கனவே பாடத்தில் இருக்கின்றன, உதாரணத்தை மட்டும் இந்த ஊருக்கு மாற்றுங்கள். சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991இல். சார்ட் ஒட்டுவதோடு அந்தக் கடமை முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

கேட்பது இவ்வளவுதான். ப்ராஜெக்ட் மார்க்கை தெர்மாகோலுக்குக் கொடுக்காதீர்கள். தன் தெருவில் விழும் மழை எந்தக் கால்வாயில், எந்த ஏரியில் சேர்கிறது என்று நடந்து பார்த்து வரைந்து வரும் பிள்ளைக்குக் கொடுங்கள். கொட்டும் மழையில் கால்வாய்ப் பக்கம் அனுப்பச் சொல்லவில்லை, மழை விட்ட மறுநாள், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் போதும். துணைக்குப் பெரியவர்கள் வேண்டுமென்றால் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், சனிக்கிழமை என்றால் நான் வருகிறேன், எங்கள் தெருவிலிருந்து இன்னும் சிலரையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஓர் அப்பா