இருபது நிமிடம் போக

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அழுதது மனதை விட்டுப் போகவில்லை. "பக்கவாத வார்டுல பயிற்சி கொடுக்க ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம்தான் கிடைக்குது, அதுல என்னம்மா செய்ய முடியும்?" என்று கேட்டாய். பேச்சில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ அடுத்த கட்டிலுக்குப் போன பிறகும் அந்த நோயாளி அங்கேயேதான் இருக்கிறார். பக்கத்தில் மனைவியோ மகனோ இருக்கிறார்கள். பாதி வைத்தியம் அவர்கள் கையில்தான் நடக்கிறது. எனக்கு இது புரியவே நாலைந்து வருஷம் ஆனது.

பூ விற்கும் அம்மா ஒருவர், பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய் எங்கள் வார்டில் படுத்திருந்தார். தினமும் உட்கார வைத்துப் பழக்கினேன், நன்றாகத்தான் தேறி வந்தார். ஒரு வாரம் கழித்துத் தோளைத் தொட்டாலே அலறினார். மகன் பாசத்தோடு அந்தக் கையையே பிடித்து இழுத்து எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். தசை தளர்ந்துபோன தோள், கையின் கனத்துக்கே இறங்கிவிடும். இழுத்தால் என்ன ஆகும்? அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் முதல் நாளே கூட இருப்பவரைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது என்று செய்து காட்டு. உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும். வலது மூளையில் அடைப்பு வந்தவர்களில் சிலர் இடப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள். தட்டில் இடப் பக்கச் சோறு அப்படியே கிடக்கும். மகளை அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசச் சொல். அப்புறம், யாராவது ரப்பர் பந்து வாங்கி வந்து அமுக்கச் சொல்லுவார்கள். விரல் ஏற்கெனவே மடங்கி இறுகும் கைக்கு மடக்கும் பயிற்சி எதற்கு? விரிக்கத்தான் பழக வேண்டும். கோபப்படாமல் எடுத்துச் சொல்.

சீக்கிரம் நடக்க வைத்துவிட வேண்டும் என்று அவசரப்படாதே. பக்கவாதம் வந்தவர்களைச் சீக்கிரம் எழுப்பி நடமாட வைப்பது பற்றி 2015இல் வந்த அவெர்ட் ஆய்வைப் படித்திருப்பாய். ஐந்து நாடுகளில் 2104 பேர். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி அதிகமாக நடமாட வைத்தவர்களில், மூன்று மாதம் கழித்து நன்றாகத் தேறியிருந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் குறைவு. கொஞ்ச நேரமாக, பல தடவை செய்வதே நல்லது என்றும் அதே ஆய்வின் தரவுகள் காட்டின. உன் இருபது நிமிடத்தைக் காலையில் பத்து, சாயங்காலம் பத்து என்று பிரித்துக் கேட்டுப் பார். மேலதிகாரி சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் பயிற்சிக்கு வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காகக் கண்டுபிடித்த கண்ணாடி உத்தி, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. கண்ணாடியில் நல்ல கையின் பிம்பம் அசைவதைப் பார்க்கும்போது விழுந்த கையே அசைவதுபோல் இருக்கும். எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் வீட்டு ஆட்களே பிடித்துக்கொள்ளலாம், நீ நிற்க வேண்டியதில்லை. பழைய சேலையில் சுற்றியிருக்கிறேன். ஓரத்தில் ஒட்டிய பிளாஸ்டர் பிய்ந்திருந்தால் புதிதாக ஒட்டிவிட்டு வார்டுக்கு எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா