வரையாடுகளின் புழுக்கையையும் சேகரியுங்கள்

நீலகிரி வரையாடு திட்டத்தை நடத்தும் தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303. இந்த எண்களைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். செங்குத்துப் பாறைகளில் ஏறி இறங்கி எண்ணிய களப்பணியாளர்களுக்கு நன்றி. ஆனால் தலையை எண்ணினால் தெரியாத ஓர் இழப்பும் உண்டு: மரபணு வளம், அதாவது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் மரபணு வகைகளின் பெருக்கம் குறைவது.

நீலகிரியிலுள்ள முக்கூர்த்தி ஆடு ஆனைமலைக்கு வர முடியாது. நடுவில் பாலக்காட்டுக் கணவாய். தெற்கே செங்கோட்டைக் கணவாய். இவை போதாதென்று தேயிலையும் சீகை (வாட்டில்) மரமும் சாலையும் அணையுமாக நாம் வேறு புல்வெளிகளைத் துண்டாடிவிட்டோம். வெளியிலிருந்து கிடா வராத சிறு கூட்டத்தில் சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகும். எல்லா ஆடுகளும் சமமாக இனம் பெருக்குவதில்லை; அதனால் மரபணு அளவில் ஒரு கூட்டம் அதன் தலைக்கணக்கைவிடச் சிறியது. அப்படி 50 ஆடுகளுக்குச் சமமான கூட்டம் என்றால் தலைமுறைக்கு 1 சதவீத மரபணு வளம் போகும். 25 என்றால் 2 சதவீதம். பிறகு குட்டிகள் பெருகினாலும் போனது அவ்வளவு எளிதில் திரும்பாது.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் பூமா என்னும் காட்டு விலங்குகளுக்கு (பூனைக் குடும்பம்) இதுதான் நேர்ந்தது. வால் முறுக்கிக்கொண்டது, இதயத்தில் கோளாறு, ஆண்களுக்கு விரை இறங்கவில்லை. 1995-இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகே அந்த இனம் தேறியது. நமக்கு அப்படிக் கடன் வாங்க வேறு இடம் கிடையாது. உலகில் காட்டில் வாழும் வரையாடுகள் எல்லாமே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான்.

2022-இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்ற பல்லுயிர் உடன்பாடு, மரபணு வளத்தையும் கண்காணிக்கச் சொல்கிறது. அதன் அளவுகோல் ஒரு கூட்டத்துக்கு 500 என்ற பயனுறு எண்ணிக்கை, அதாவது மேலே சொன்ன மரபணு அளவிலான எண்ணிக்கை. இது மொத்தத் தலைகளில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 2025-இல் இரு மாநிலமும் சேர்ந்து எண்ணிய 2,668 ஆடுகளும் ஒரே கூட்டமாக இருந்தால்கூட அந்த அளவை எட்டாது!

மரபணு வளத்தை அளக்க ஆட்டைப் பிடிக்கவோ மயக்கவோ வேண்டாம். புதுப் புழுக்கையின் மேற்பரப்பில் குடல் செல்கள் ஒட்டியிருக்கும், அதிலிருந்தே டிஎன்ஏ எடுக்கலாம். கணக்கெடுக்கப் போகிறவர்கள் கையில் மாதிரிக் குப்பியும் இருக்கட்டும். வண்டலூரிலும் ஐதராபாத்திலும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கேரளமும் இதே முறையைப் பின்பற்றினால்தான் ஒப்பிட முடியும், அவர்களிடம் பேசுங்கள்.

ஆடுகள் அற்றுப்போன பழைய இடங்களில் மீண்டும் விடுவதும் உங்கள் திட்டத்தில் உண்டு. சரி, எந்தக் கூட்டத்திலிருந்து எடுத்து எங்கே விடப்போகிறீர்கள்? மரபணுத் தரவு இல்லாமல் அதை முடிவு செய்யாதீர்கள். திட்டக் காலம் 2027-இல் முடிகிறது. அதற்குள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் அளவீட்டை எடுத்து, தலை எண்ணிக்கையோடு சேர்த்து வெளியிடுங்கள்.

அன்புடன்,
வரையாடுகள்மேல் அக்கறை கொண்ட ஒரு குடிமகன்