அம்மிணிக்கு, படகு பேட்டரி விஷயமாக

அம்மிணி,

நேற்று போனில் பேசும்போது, படகைக் கரையேற்றி மூடியாச்சு, பேட்டரியை மட்டும் அப்பா சொன்ன மாதிரி ஃபுல்லாக ஏற்றிச் சார்ஜரிலேயே விட்டிருக்கிறோம் என்றாய். அப்போது சரி சரி என்று சொல்லிவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது, அது லித்தியம் ஆச்சே என்று. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஆசிட் பேட்டரிக்குக் கண்ணு.

ஈரோட்டில் பேட்டரிக் கடை வைத்து 30 வருஷம் ஆசிட்டோடு கிடந்து சட்டையெல்லாம் ஓட்டை போட்டுக்கொண்டவன் நான். அந்த பேட்டரியைக் குறைந்த சார்ஜில் போட்டுவைத்தால் பிளேட்டில் சல்பேட் கெட்டியாகிப் படிந்துவிடும், அப்புறம் என்ன செய்தாலும் பழையபடி ஏறாது. அதனால்தான் சும்மா கிடக்கிற பேட்டரி நிறைந்தே கிடக்க வேண்டும் என்று உங்களை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்தேன். லித்தியத்துக்கு இது நேர்மாறு. நிறைந்தபடியே மாதக்கணக்கில் கிடந்தால் செல் வேகமாகக் கிழடு தட்டும், அதிலும் சூடான இடமாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். மஞ்சளுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரின் லித்தியம் பேட்டரியை ஃபுல்லாக ஏற்றி, தகரம் வேய்ந்த மோட்டார் ரூமில் மாசியில் வைத்தேன், சித்திரையில் போய் எடுத்தால் பணியாரம் மாதிரி உப்பிக் கிடந்தது. கடைக்காரனையே இப்படி ஏமாற்றிவிட்டது என்று உன் அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

சரி, முதலில் அந்தச் சார்ஜரைக் கழற்று. பாதி அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும், 50, 60 சதவீதம் இருந்தால் நல்லது. வோல்ட் பார்த்து இறக்கலாம் என்று நினைக்காதே. நீ சொல்கிற 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில், முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய 13 பக்கமே காட்டும், என்னை மாதிரி ஆசிட்டின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டர் பிடித்துப் பழகியவனுக்கு இதுதான் பெரிய எரிச்சல். அதனால் நேரக் கணக்கு போடு. உன்னுடையது 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. 55 வாட் கார் பல்பு ஒன்றை மாட்டினால் நாலரை ஆம்பியர் போல இழுக்கும், 10 மணி நேரத்தில் பாதிக்குப் பக்கம் வந்துவிடும். பல்பு நன்றாகச் சுடும், கல் மேல் வை, ஆள் பக்கத்தில் இருக்கட்டும், எரியவிட்டுத் தூங்கிவிடாதே.

அப்புறம் கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி, டெர்மினலை மூடிவை. சுவிட்ச் ஆஃப்தானே என்று மாப்பிள்ளை சொல்வார். படகின் அடியில் தண்ணீர் இறைக்கிற தானியங்கி பம்பு மாதிரி சில்லறை சாமான்கள் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே கரண்ட் எடுக்கும். பேட்டரிக்குள்ளே இருக்கிற காவல்காரன், அதுதான் அந்த பி.எம்.எஸ். போர்டு, அதுவும் கொஞ்சம் தின்னும். தானாகவே மாதம் இரண்டு மூன்று சதவீதம் இறங்கும். எனவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார். மொத்தமாக வற்றிப்போய் மீட்டரில் பூஜ்யம் காட்டினால், இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு எழுப்பாதே. கடையில் நான் அதைத்தான் செய்திருப்பேன்! ஆனால் இதில் ரொம்ப வற்றிய செல்லுக்குள்ளே செம்பு கரைந்திருக்கலாம், மறுபடி ஏற்றும்போது உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிடலாம்.

இங்கே எனக்கு வெயில் பயம், அங்கே உனக்குக் குளிர் பயம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடவே கூடாது. லித்தியம் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படியும், போனது போனதுதான். சும்மா கிடக்கக் குளிர் பரவாயில்லை, எவ்வளவு வரை தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும். அதைவிட மோசமாகக் குளிரும் என்றால் வீட்டுக்குள் கொண்டுவா, ஆனால் படிக்கட்டுக்குக் கீழேயோ வெளியே ஓடுகிற வழியிலோ வைக்காதே.

கூடுதுறையில் பரிசலில் ஏறமாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள் நீ, இப்போது ஏரியில் படகு ஓட்டுகிறாய்.

பேட்டரி மேல் இருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு. எழுத்து பெரிதாகத் தெரிகிற மாதிரி எடு, போன தடவை அனுப்பியதில் மாப்பிள்ளையின் கட்டைவிரல்தான் தெரிந்தது.

அப்பா