கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் காலை நேரத்தை அந்தியேட்டிக்கு வருபவர்களுக்கு விட்டுத்தரக் கோரும் மனு

பெறுநர்: மாவட்டச் செயலாளர் அவர்கள், மாவட்டச் செயலகம், திருகோணமலை.

அனுப்புநர்: உப்புவெளியில் வசிக்கும் ஒருத்தி.

பொருள்: கன்னியாவில் அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, வருபவர்களுக்குக் காலை நேர ஒதுக்கீடும் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகையும்.

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

போன மாதம் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நானும் என் கூட்டாளிகளும் ஒரு பிழை விட்டோம். மனு என்றால் மற்றவர்களின் குறையை எழுதுவதுதான் வழக்கம், ஆனால் இது எங்கள் பிழையில் இருந்துதான் தொடங்குகிறது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஊர் ஊராகச் சுற்றித் திரியும் மூன்று பேர் உப்புவெளியில் தங்கியிருந்தபோது எனக்குப் பழக்கமானார்கள். மதுரைக்காரி ஒருத்தி, கண்டியில் இருந்து வந்த சிங்களப் பெடியன், போலந்துக்காரன் ஒருவன். கடலில் குளித்து அலுத்துப்போய், "சுடுதண்ணீர்க் கிணறு இருக்கிறதாமே, கூட்டிக்கொண்டு போ" என்று கேட்டார்கள். பட்டணத்தில் இருந்து எட்டுக் கிலோமீட்டர் அளவுதானே, அனுராதபுரம் வீதியில் போய் உள்ளே திரும்பினால் சரி. வெயில் ஏறுவதற்கு முன்னால் போவோம் என்று விடியவே ஆட்டோ பிடித்தோம். நான்கு துவாய், இரண்டு சாறம், ஒரு பை நிறைய வாழைப்பழம்.

வழி முழுக்கப் போலந்துக்காரன் எரிமலை எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தான். இலங்கையில் எரிமலை இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறான். மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டில் காய்ந்து மறுபடி மேலே வருகிறது, அவ்வளவுதான், மகா ஓயா வெந்நீர் ஊற்றிலும் இதே கதைதான், அங்கே 50 பாகையையும் தாண்டிச் சுடும் என்று விளங்கப்படுத்தினேன். கன்னியாவில் அந்தளவு இல்லை, 40 பாகையை ஒட்டித்தான். ஏழு சதுரக் கிணறுகள், எட்டிப்பார்த்தால் அடி தெரிகிற ஆழம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. உள்ளே இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் மொண்டு தலையில் ஊற்ற வேண்டும். முதலாவது வாளிக்குக் கத்தாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அன்றும் கத்தினோம், சிரித்தோம், ஒருவர் மேல் ஒருவர் ஊற்றினோம். பக்கத்துக் கிணற்றில் ஒரு இளைஞன் தலை மழித்து, ஈர வேட்டியோடு, ஒன்றும் பேசாமல் குளித்துக்கொண்டிருந்தான். போலந்துக்காரனுக்கு அது அழகாகத் தெரிந்திருக்கிறது. கையில் போனோடு போய், சிரித்த முகத்தோடு, இன்னொரு தடவை ஊற்று என்று சைகை காட்டினான். அந்தப் பெடியன் ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டு, மறுக்கத் தெரியாமல், இன்னொரு வாளி மொண்டு கேமராவுக்காகத் தன் தலையில் ஊற்றினான்.

பின்னால் நின்ற ஒரு அம்மா என்னிடம் வந்தா. கோபப்படவில்லை. "பிள்ளை, இண்டைக்கு இவன்ரை தேப்பன்ரை முப்பத்தொண்டு. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றா. அவ்வளவுதான் சொன்னா.

ஐயா, அம்மா, யாராக இருந்தாலும், அந்த இடத்தில் எனக்கு உடம்பு கூசிப்போனது. ஏனென்றால் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. என் அப்பாவின் அந்தியேட்டிக்கு அண்ணன் தலைமுழுகியதும் இதே கிணற்றடியில்தான். யாழ்ப்பாணத்தாருக்குக் கீரிமலை எப்படியோ அப்படி எங்களுக்குக் கன்னியா. இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று சின்ன வயதில் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வயோதிபப் பிராமணராக வந்த விஷ்ணு தடியால் ஏழு இடத்தில் ஊன்றினார் என்று அப்பாச்சி சொல்லுவா, இராவணனே வாளால் குத்தினான் என்று சொல்லுகிற ஆட்களும் உண்டு. எதுவானாலும் ஒரு பிள்ளை தாய்க்காக அழுத இடம் என்பதுதான் கதை. இதெல்லாம் தெரிந்த நானே கூட்டாளிகள் வந்த சந்தோஷத்தில் மறந்துபோனேன் என்றால், ஒன்றும் தெரியாமல் வருகிறவனை எப்படிக் குறை சொல்வது?

போலந்துக்காரனுக்கு விளங்கப்படுத்தியதும் அந்த வீடியோவை அங்கேயே அழித்துவிட்டான். போய் மன்னிப்புக் கேட்கவும் பார்த்தான், நான்தான் வேண்டாம் என்று மறித்தேன். பிறகு ஒரு கேள்வி கேட்டான்: "இதை வாசலில் ஏன் எழுதி வைக்கவில்லை?" அங்கே பலகைகள் இருக்கின்றன, ஆனால் இது இன்றைக்கும் சனம் துக்கத்தோடு வந்து கடன் கழிக்கிற இடம் என்று சொல்லும் ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. காலையில் எட்டரை மணி வரை கிணற்றடியை அந்தியேட்டிக்கும் மற்றக் கிரியைகளுக்கும் வருகிறவர்களுக்கு விடுங்கள், சுற்றிப்பார்க்க வருபவர்கள் அதற்குப் பிறகு வரட்டும். ஆடி அமாவாசை அன்று மட்டும் மத்தியானம் வரை. திருகோணமலைக்கு வெளியூர்ச் சனம் கூடுவது சித்திரையில் இருந்து புரட்டாதி வரை, ஆடி அமாவாசை சரியாக அதற்கு நடுவில்தான் விழுகிறது, அன்றைக்கு இரண்டு கூட்டமும் ஒரே வாளிக்கு நின்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கடைக்காரருக்கு நட்டம் வராது, கடற்கரையில் தங்குகிற ஆட்கள் பத்து மணிக்கு முன் எழும்புவது அபூர்வம் (எங்களைப் போன்ற அவசரக்காரரைத் தவிர).

அப்புறம் அந்தப் பலகை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் நான்கே வரி போதும். இங்கே சிலர் இறந்தவருக்கான கிரியைக்காக வந்திருப்பார்கள், அவர்களைப் படம் எடுக்க வேண்டாம், சத்தத்தைக் குறையுங்கள், அவர்கள் முடிக்கும் வரை பொறுங்கள். டிக்கெட் தருகிறவர் அதையே வாயாலும் ஒருமுறை சொன்னால் இன்னும் நல்லது. ஈர உடுப்பு மாற்றப் பெண்களுக்கு ஒரு மறைப்பும் வேண்டும், கதவு கூடத் தேவையில்லை, தடித்த திரை ஒன்று போதும். கீரிமலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கேணியே தனித்தனி. இங்கே ஏழு கிணறும் ஒரே வெளியில் இருப்பதால் நான் துவாயைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவுக்குள் உடுப்பு மாற்றினேன்.

கன்னியா இந்துக்களுடையதா பௌத்தர்களுடையதா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்றைக்கே நாங்கள் வெல்கம் விகாரைக்கும் போனோம். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கண்டிப் பெடியன் அங்கே வெகுநேரம் நின்று, தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று மதுரைக்காரியிடம் கேட்டுக்கொண்டிருந்தான், அவளுக்கும் வாசிக்கத் தெரியவில்லை, அது வேறு கதை. நான் கேட்கும் பலகையில் அந்த வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் தேவையில்லை. துக்க வீட்டுக்காரருக்கு வழிவிடு என்றால் கண்டிக்காரனுக்கும் விளங்கும், போலந்துக்காரனுக்கும் விளங்கும்.

கிணற்றடி எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது, பலகை நட யார் அனுமதி தர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டியதில்லை, சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒரு மேசையில் இருத்திக் கதைக்க வைக்க உங்களால் முடியும் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். காலை நேர ஒதுக்கீட்டுக்குக் கூட்டமும் கடிதமுமாகக் காலம் எடுக்கலாம், பொறுத்திருக்கிறேன். பலகைக்கு அவ்வளவு நாள் எடுக்காது. அதற்குரிய மூன்று மொழி வாசகத்தையும் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து எழுதி இத்துடன் இணைத்திருக்கிறோம், சிங்களம் கண்டிப் பெடியனுடையது, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். வருகிற ஆடி அமாவாசைக்கு முன் அதை மட்டுமாவது நட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளிவாசி ஒருத்தி