காலையில் தெரியாத நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், சத்துணவுக்கூடத்து அக்காவுக்கும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்ட அந்தக் கண் டாக்டர் அம்மாவுக்கும், நரம்பியல் பிரிவில் என்னைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு வந்திருப்பது மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பிலும் பழுதில்லை, தசையிலும் பழுதில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கோளாறு. நரம்பு முனை அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளத் தசையில் ஏற்பிகள் இருக்கின்றன. என் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்களே அவற்றைத் தாக்குகின்றன. அதனால் ஒரு தசை உழைக்க உழைக்கத் தளரும்; ஓய்வு கொடுத்தால் தேறிக்கொள்ளும். தூங்கி எழுந்த காலையில் நான் நன்றாகத்தான் இருப்பேன். ஓபியில் சீட்டு வாங்கிப் போய் உட்காருவதும் காலையில்தானே! பார்த்த இடத்திலெல்லாம் "ஒண்ணுமில்லையேம்மா" என்றார்கள். மூளை எம்ஆர்ஐ, தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல். ஓர் இடத்தில் மன அழுத்தம் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டிலும் சிலர் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதை இங்கே விரிக்க விருப்பமில்லை.

முதலில் கவனித்தது பிள்ளைகள்தான். "டீச்சர், கடைசிப் பீரியட்ல மட்டும் மூக்காலயே பேசுறீங்க" என்றாள் முன் வரிசைப் பெண். செய்யுளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே போனால் நாலாவது அடியில் குரல் கம்மிவிடும். வேறு வகுப்பாக இருந்தால் சிரித்திருப்பார்கள். இவர்கள் மீதியைத் தாங்களே வாசித்து முடித்தார்கள். சத்துணவுக்கூடத்து அக்கா பார்த்தது வேறு. நான் சாப்பிடும்போது இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மெல்லுகிறேன் என்று சொன்னதே அவர்தான். எனக்கே அது தெரியாது. "இதையும் டாக்டர்கிட்ட சொல்லு கண்ணு" என்றார். சாயங்காலம் இமை தொங்கியிருக்கும்போது என் மகள் செல்போனில் படம் எடுத்து வைத்தாள்.

இந்த மூன்றையும் காதுகொடுத்துக் கேட்டவர் அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் மேற்படிப்புப் படிக்கும் ஒரு சின்னப் பெண். பொருள்கள் இரட்டையாகத் தெரிகின்றன என்று கண்ணாடி மாற்றத்தான் அங்கே போனேன். படத்தைப் பார்த்தார். தலையை அசைக்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஆவதற்குள் வலது இமை சரசரவென்று இறங்கிவிட்டது. உடனே கையுறை ஒன்றில் ஐஸ் போட்டு முடிச்சிட்டு, மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபின் ஸ்கேலால் அளந்து பார்த்தால் இமை நன்றாக மேலே ஏறியிருந்தது. தசை குளிர்ந்தால் இந்த நோயில் கொஞ்ச நேரம் பலம் கூடுமாம். செலவு என்று பார்த்தால் ஒரு கையுறையும் ஐஸும்தான். "முழுங்கச் சிரமம் இருக்கு, நாளைக்கின்னு தள்ளாதீங்க" என்று சொல்லி, கையோடு நரம்பியலுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், ஊசியால் தொட்டுப் பார்த்தார்கள். அனிச்சையும் உணர்ச்சியும் சரியாகவே இருந்தன. மரத்துப்போகவில்லை, வலியில்லை, பலம் மட்டும் ஏறி இறங்குகிறது என்பதே பெரிய துப்பு என்றார் பெரிய டாக்டர். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்த்தார். மூச்சுத் தசை தளர்ந்தால்தான் உயிருக்கு ஆபத்தாம்.

நரம்புப் பரிசோதனை எடுத்த டெக்னீஷியன் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. என் கை சில்லிட்டிருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏசியை நிறுத்தி, கையைச் சூடாக்கிய பிறகுதான் ஆரம்பித்தார். குளிர்ந்த கையில் எடுத்தால் நோய் ஒளிந்துகொள்ளும் என்றார். நொடிக்கு மூன்று தடவை சின்னச் சின்ன ஷாக். கையில் எடுத்தபோது திரையில் வந்த எல்லா அலையும் ஒரே உயரம். "இதோட விட்டுடக் கூடாது டீச்சர்" என்று முகத்தில் எடுத்தார். அலைகள் ஒன்றைவிட ஒன்று குட்டையாகி, நாலாவது மிகவும் தாழ்ந்திருந்தது. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே கணக்கில் எடுப்பார்களாம். பிறகு வந்த ரத்தப் பரிசோதனையிலும் எதிர்ப்பொருள் இருப்பது உறுதியானது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று மார்பு சிடி எடுத்தார்கள், இல்லை.

இப்போது பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டுக்கொள்கிறேன். தாடைக்குக் கை கொடுக்காமல் மெல்ல முடிகிறது. தலைமையாசிரியர் என் பாடவேளைகளையெல்லாம் காலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதற்காகத் தன் வகுப்பை மதியத்துக்குத் தள்ளிக்கொண்ட கணக்கு ஆசிரியருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் தெரு மெடிக்கல் கடை அண்ணனையும் விட்டுவிட முடியாது. போன மாதம் காய்ச்சலுக்கு வேறொரு இடத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார்கள். இந்த நோய்க்காரர்களுக்கு அது பலவீனத்தைக் கூட்டக்கூடிய மருந்து. என் நோயின் பெயரும் ஆகாத மருந்துகளும் எழுதிய அட்டை ஒன்று என் பர்ஸில் இருந்தது; அதைக் கடை அண்ணன் வாங்கிப் படித்தார். மாத்திரையைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு, நரம்பியல் டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். டாக்டர் வேறு மருந்து சொன்னார். கடைக்கு வரும் மற்றவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று அந்த அட்டையை நகலெடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார், என் பெயரை மட்டும் மறைத்துவிட்டு.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்