குட்டியானைகளும் சலான்களும்: பங்காளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நடுவில் சின்னவளுக்குக் காய்ச்சல், வீட்டில் போர் மோட்டார் ரிப்பேர், ஆபீசில் ஆடிட் வேறு, அதனால்தான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், கேட்க நிம்மதியாக இருந்தது. எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் மூன்றாவது மாடிக்கு ஓடி ஏறின கால்களா இவை என்று இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி வண்டிகளை உன் தலையில் கட்டிவிட்டார்கள், 28 வண்டி, மாசாமாசம் ஃபைன், முதலாளி "டிரைவர் சம்பளத்தில் பிடி" என்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். படித்ததும் சிரிப்புதான் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்து விழித்த அதே நாற்காலியில் இப்போது நீ உட்கார்ந்திருக்கிறாய். எங்களிடம் 34 வண்டி, பெரும்பாலும் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி, கூட நாலு ஐச்சர் லாரி, பிஸ்கட்டும் நொறுக்குத் தீனியும் கோயம்புத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர் லைனுக்குப் போகும்.

எனக்கு முதல் அடி விழுந்தது ஒரு வண்டியை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றிதழ் வாங்க, கொண்டுபோன அன்றைக்கு. அங்கே போய் நின்ற பிறகுதான் அதன் பேரில் 11 சலான், அதாவது ஃபைன் சீட்டு, நிலுவையில் இருப்பது தெரிந்தது. எஸ்.எம்.எஸ். ஒன்றுகூட வரவில்லையே என்று தோண்டிப் பார்த்தால், வண்டி எடுத்தபோது பதிவில் கொடுத்திருந்த மொபைல் எண் ஷோரூம் ஏஜென்ட் ஒருவருடையது. அவர் அந்த வேலையை விட்டுப் போயே ரொம்ப நாளாகிவிட்டது. எங்கள் சலான்களெல்லாம் மூன்று வருஷமாக அவருடைய போனுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன, பாவம் அவரும் எவனோ ஏமாற்றுக்காரன் அனுப்புகிறான் என்று நினைத்து அழித்திருப்பார். அதனால் நீ வேறு எதையும் செய்வதற்கு முன்னால் 28 வண்டிக்கும் பதிவில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்து, கம்பெனி எண்ணாக மாற்று. அதற்குள், மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கமும் போட்டால் நிலுவை தெரிந்துவிடும். எங்கள் கணக்குப்பிள்ளைப் பெண் திங்கட்கிழமைதோறும் அரைமணி நேரத்தில் எல்லா வண்டியையும் பார்த்துவிடுகிறாள். நாள்பட்ட பிறகு தெரிகிற சலானில் அன்றைக்கு யார் ஓட்டினார்கள் என்றே யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஆக்டிங் டிரைவர் வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் சட்டம் உரிமையாளரைத்தான் கேட்கும், மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவின்படி வண்டியை ஓட்டியவர் யார் என்று சொல்ல வேண்டிய கடமை கம்பெனிக்கு. எந்த வண்டி, எந்த டிரைவர், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று ஒரு நோட்டுப் போட்டு வைத்துக்கொள், கம்ப்யூட்டரில் இருந்தாலும் சரி, நாற்பது பக்க நோட்டாக இருந்தாலும் சரி.

அப்புறம் எட்டு மாசச் சலானை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக, இதை யார் தடுத்திருக்க முடியும் என்று எழுதிப் பார்த்தேன். டிரைவர் பெயர்தான் நிறைய வரும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், பாதிக்கு மேல் எங்கள் ஆபீஸ் ஆட்கள் பெயர் வந்தது, என் பெயரும் உண்டு.

போன் விஷயத்தையே எடுத்துக்கொள். வண்டி ஓட்டும்போது போன் பேசினால் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஏற்றியதிலிருந்து முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 10,000. எங்கள் டிரைவர்கள் யாரிடம் பேசினார்கள் தெரியுமா? எங்களிடம்தான். "எங்கண்ணா இருக்கீங்க, சிங்காநல்லூர் கடைக்காரர் கேக்கறார்" என்று டெஸ்பாட்ச் பையன் அரைமணிக்கு ஒரு தரம் கூப்பிடுவான், எடுக்காவிட்டால் சாயங்காலம் திட்டு விழும், எடுத்தால் போலீஸ். ஜி.பி.எஸ். மாட்டி மாசாமாசம் காசு கட்டிக்கொண்டே போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்! இப்போது வண்டி நகர்வது திரையில் தெரிந்தால் கூப்பிடக்கூடாது, அவசரம் என்றால் லோடுமேன் போனுக்கு மெசேஜ். இதை நடைமுறைக்குக் கொண்டுவர டிரைவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, டெஸ்பாட்ச் பையனிடம்தான் மூன்று வாரம் மல்லுக்கு நின்றேன்.

வேகம் இன்னும் வேடிக்கை. ஜி.பி.எஸ். கணக்கை எடுத்துப் பார்த்தால் காலையில் எல்லாரும் சாமியார் மாதிரி போகிறார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பொள்ளாச்சி ரோட்டில் திரும்பி வரும்போது மட்டும் பேய் ஓட்டம். ஒரு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் எங்கள் பழைய டிரைவர் அண்ணன் ஒருவர்தான் டீக்கடையில் வைத்துச் சொன்னார், வசூல் பணத்தை ஆறரை மணிக்குள் கேஷ் கவுண்டரில் கட்டவில்லை என்றால் மறுநாள் பேட்டா வராது, இது எப்போதோ எவரோ போட்ட விதி, எழுத்தில்கூடக் கிடையாது. கேஷியருக்கு ஏழு மணி பஸ், அவ்வளவுதான் காரணம். கவுண்டரை எட்டு மணி வரைக்கும் திறந்து வைக்க இன்னொரு ஆளுக்கு ஏற்பாடு செய்தோம், அடுத்த மாசமே அந்த ரோட்டில் வேகச் சலான் நின்றது. இலகுரக வண்டிக்கு சட்டப்படி 1,000-லிருந்து 2,000, ஐச்சர் மாதிரி பெரிய வண்டிக்கு 2,000-லிருந்து 4,000 என்று கணக்குப் போட்டால் அந்த இன்னொரு ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடுகிறது, முதலாளியிடம் நான் வாதாடியது அப்படித்தான். உங்கள் சென்னையில் 2023 நவம்பரிலிருந்து கார், வேன் வகைக்கு மணிக்கு 60, கனரகத்துக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று இருக்கிறது அல்லவா, அந்த மூன்று எண்ணையும் டேஷ்போர்டில் ஒட்டிவிடு. அண்ணா நகர் பக்கமெல்லாம் நம்பர் பிளேட்டைப் படிக்கிற கேமரா, கெஞ்சிப் பார்க்க அங்கே ஆளே கிடையாது.

நோ பார்க்கிங்தான் எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெரு உனக்குத் தெரியும், காலை பதினொரு மணிக்கு அங்கே சைக்கிள் நிறுத்தவே இடம் இருக்காது, எங்கள் டிரிப் ஷீட்டில், அதாவது எந்தக் கடைக்கு எப்போது போவது என்று எழுதின தாளில், அந்தக் கடைகள் பதினொரு மணிக்குத்தான் இருந்தன, ஏனென்றால் ஷீட் போட்டவர் குடோனுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டே போயிருக்கிறார். கடைக்காரர்களிடம் நேரில் போய்ப் பேசினேன். ஏழரைக்கே வாசல் திறந்துவிடுகிற கடைகள் சில இருந்தன, அங்கெல்லாம் முதல் நடை. மற்ற கடைகளுக்கு வண்டியைத் தூரத்தில் ஒழுங்கான இடத்தில் நிறுத்திவிட்டுத் தள்ளுவண்டியில் சரக்கு, அதற்கு ஒரு லோடுமேன் கூடுதல். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள், கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்காரர் இன்றைக்கும் மத்தியானம்தான் இறக்கவேண்டும் என்கிறார், பெரிய ஆர்டர், விடவும் முடியவில்லை, அங்கே இப்போதும் மாசம் ஒன்றாவது விழுகிறது.

இதோடு ஒட்டின இன்னொன்று. இங்கே பல ரோடுகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்துவிட்டார்கள். எதிர்ச்சாரிக் கடைக்குப் போகத் தூரமாய்ப் போய்ச் சுற்றி வரவேண்டும். எங்கள் ஷீட்டிலோ இடது பக்கம் ஒரு கடை, வலது பக்கம் ஒரு கடை என்று மாறி மாறி வரும், டிரைவர் எத்தனை தரம்தான் சுற்றுவார், நூறடி எதிர்த்திசையில் நுழைந்துவிடுவார், அங்கே போலீஸ்காரர் காத்திருப்பார். ஷீட்டைத் திருப்பி எழுதினோம், போகும்போது இடது சாரிக் கடை முழுக்க, வரும்போது எதிர்ச்சாரிக் கடை முழுக்க. டீசலும் கொஞ்சம் மிச்சமானது. இதற்கு மென்பொருள் விற்கிறேன் என்று இரண்டு பேர் வந்தார்கள், நான் வாங்கவில்லை, கடை வரிசையை டிரைவர்களையே உட்காரவைத்து எழுதச் சொன்னேன்.

இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்றிதழ் மூன்றும் நூற்றுக்கு நூறு ஆபீஸ் வேலை, அதில் டிரைவரை நிறுத்தி வைத்து அவமானப்பட விடுவது பாவம். புகைச் சான்றிதழ் பி.எஸ்.4, அதற்குப் பிந்தைய புகைத் தரத்தில் வந்த வண்டிக்கு ஒரு வருஷம், பழைய வண்டிக்கு ஆறு மாசம், எஃப்.சி. எட்டு வருஷம் வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், அதற்கு மேல் வருஷா வருஷம். நான் ஆபீஸ் சுவரில் பெரிய காலண்டரில் சிவப்பு மையில் எழுதி மாட்டியிருக்கிறேன், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று.

சீட் பெல்ட்டுக்கு ஒரு மாதிரி காரணம். "ஏம்ப்பா போடறதில்லை" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். ஒரு நாள் நானே வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், கம்பெனி செலவில் தைத்துப் போட்ட புது சீட் கவருக்குள் பெல்ட்டை மாட்டுகிற பக்கிள் புதைந்து கிடக்கிறது, கையே போகவில்லை. கத்தரி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகக் கிழித்தோம்.

எல்லாமே ஆபீஸ் தப்பு என்று சொல்ல வரவில்லை. குடி விஷயத்தில் மட்டும் நான் கெட்டவன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் 10,000 ரூபாய் அல்லது ஆறு மாசம் ஜெயில் அல்லது இரண்டும், அது போக உயிர். வாசலில் ஊதுகிற கருவி வைத்திருக்கிறோம். சாயங்காலத்தைவிடத் திங்கட்கிழமை காலையில்தான் அதிகம் மாட்டினார்கள், ஞாயிறு ராத்திரி குடித்தது காலை ஆறு மணிக்கும் உள்ளேயே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. மாட்டினால் அன்றைக்கு வண்டிச் சாவி கிடையாது, குடோனில் பெட்டி அடுக்கும் வேலை. மூன்றாவது தரம் என்றால் வீட்டுக்கு.

இப்போது உன் முதலாளி சொன்னது. சம்பளத்தில் பிடிப்பதை நாங்களும் செய்து பார்த்தோம், ஏழு மாசம். ஃபைன் குறையவில்லை, சலான் காகிதம்தான் காணாமல் போனது. ஒரு வண்டியில் வெயில் மறைப்புக்குப் பின்னால் மடித்துச் செருகி வைத்த ஒன்பது சலான் கிடைத்தது, அந்த ஆள் கோர்ட் நோட்டீஸ் வந்த பிறகும் சொல்லவில்லை, பயம். சட்டமும் உன் முதலாளி நினைக்கிற மாதிரி இல்லை, அபராதம் என்ற பேரில் ஒரு சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது, 18,000 ரூபாய் சம்பளக்காரரிடம் 540 ரூபாய். அதைப் பிடித்து நல்ல டிரைவரை இழந்தால் புது ஆள் தேடி ரோட்டைக் காட்டிக்கொடுப்பதற்குள் எவ்வளவு போகும் என்று கேள். இன்னொன்றும் சொல், சட்டத்தை மீறிக் கட்டிய அபராதத்தை வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்ட முடியாது, எங்கள் ஆடிட்டர் அந்த வரியை மஞ்சள் மார்க்கரில் போட்டுக் காட்டினதும் எங்கள் முதலாளி முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். என் முயற்சி எதற்கும் கிடைக்காத காது அந்த மஞ்சள் கோட்டுக்குக் கிடைத்தது. இப்போது எதையும் பிடிப்பதில்லை. சலான் இல்லாத மாசத்துக்கு 750 ரூபாய் தனியாகக் கொடுக்கிறோம், ஆபீஸ் காரணத்தால் வந்த சலானுக்கு அது போகாது, விழுந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், சொன்னால் திட்டு கிடையாது.

எல்லாச் சலானையும் அப்படியே கட்டிவிடாதே, படத்தைத் திறந்து பார். எங்கள் குட்டியானை ஒன்றுக்கு ஹெல்மெட் போடவில்லை என்று 1,000 ரூபாய் வந்தது! படத்தில் ஒரு பையன் பைக்கில் போகிறான், நம்பரில் ஒரு எழுத்து மாறிப் பதிவாகியிருந்தது. இணையதளத்திலேயே புகார் போட்டு, அன்றைக்கு வண்டி ஒர்க்ஷாப்பில் நின்ற ஜி.பி.எஸ். பதிவையும் இணைத்து அனுப்பினோம், ரத்தாக நாளானது, ஆனாலும் ஆனது. அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து அந்த வண்டி டிரைவரின் லாக்கரில் யாரோ ஒட்டிவிட்டார்கள், இன்னும் கிழிக்கவில்லை.

முன்பு மாசம் இருபதுக்குக் குறையாமல் வந்தது, இப்போது மூன்று நாலு, அதிலும் ஒன்று கிராஸ்கட் ரோட்டுக் கடைக்காரர் உபயம். நீ உன் எட்டு மாசச் சலானையும், டிரிப் ஷீட் நாலைந்தையும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். கேஷ் கவுண்டர் எத்தனை மணிக்கு மூடுகிறது என்றும் கேட்டு எழுது.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு வருகிறாய்தானே? அவிநாசி ரோட்டில் கோல்ட்வின்சிலிருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் வந்துவிட்டது, நீ பார்க்கவில்லை. ரோடு காலியாகத் தெரிந்ததும் உன் கால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால் கிளம்புவதற்கு முன்னால் உன் சொந்தக் காரின் பதிவில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்.

உன் பங்காளி