பழைய பைக்கில் சிக்னல் எரியவில்லையா? பிளாஷர் வாங்க முன் இதைப் படியுங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் இருக்கும் எங்கள் கராஜுக்கு வரும் பழைய பைக்குகள் பலவற்றுக்கும் ஒரே முறைப்பாடுதான்: சிக்னல் லைட் எரியவில்லை, எரிந்தாலும் விட்டு விட்டு எரியவில்லை. பலர் வந்ததும் “ஒரு பிளாஷர் தாங்கோ, நாங்களே பூட்டுறம்” என்று கேட்கிறார்கள். பிளாஷர் என்பது சிக்னலை விட்டு விட்டு எரியவைக்கும் சிறு பாகம். அதை விற்பது எங்களுக்குச் சுகமான வேலை. ஆனால் பிளாஷர் பழுதாகி வரும் பைக்கைவிட, பற்றரியும் ஏர்த்தும் (மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் வழி) சரியில்லாமல் வருபவைதான் அதிகம். காசு கொடுத்துப் புதிது பூட்டியும் எரியாமல் நீங்கள் திரும்பி வந்து நிற்பது எங்களுக்கு மனவருத்தம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திரும்பத் திறந்தது 2025 இல்தான். புது பைக் வாங்க நினைத்தவர்களும் இடையில் பழையதையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். எஞ்சினுக்கு வேலை செய்தார்கள், ரயர் மாற்றினார்கள், வயரை யாரும் பார்க்கவில்லை. அனுராதபுரச் சந்தியில் வலப்பக்கம் திரும்பும்போது பின்னால் வரும் பஸ்காரருக்கு உங்கள் எண்ணத்தைச் சொல்வது அந்த வயர்தான்.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் ஹோர்ன் அடித்துப் பாருங்கள். சத்தம் மெலிந்து வந்தாலோ வராமலே இருந்தாலோ பற்றரியையும் பியூஸையும் பார்க்க வேண்டும். “ஹெட்லைட் நல்லா எரியுதே, அப்ப பற்றரி சரிதானே” என்று கேட்பார்கள். பழைய சிறிய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் நேரே எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் கொயிலில் இருந்து வருகிறது. சிக்னல், ஹோர்ன், பிரேக் லைட் மூன்றும் பற்றரியில் ஓடுகின்றன. அதனால் பற்றரி செத்திருந்தாலும் ஹெட்லைட் எரியும். 12 வோல்ட் பற்றரி முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும்போது வோல்ட்மீற்றரில் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும், 12.2 க்குக் கீழே போனால் பாதிச் சார்ஜ்கூட இல்லை. எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் பற்றரியை மாற்றிப் பயனில்லை, சார்ஜ் பண்ணும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். முறுக்கும்போது மட்டும் சிக்னல் ஒழுங்காக வேலை செய்கிறதென்றாலும் குறை இந்தப் பக்கந்தான்.

பழைய ஹொண்டாக்களில் 6 வோல்ட் பைக்குகளும் உண்டு. அதில் 12 வோல்ட் பல்பைப் போட்டால் மங்கித்தான் எரியும். பல்பின் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ஏர்த். இந்த ஊரில் நாங்கள் அதிகம் மல்லுக்கட்டுவது இதோடுதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக நிற்கும் பைக்குகளுக்கு உப்புக்காற்றே போதும். மீன் பெட்டி கட்டி ஓடும் பைக்குகளின் நிலை இன்னும் மோசம். ஐஸ் கரைந்து வடியும் உப்புத் தண்ணி நேரே பின் சிக்னலின் அடியில்தான் விழுகிறது. பல மாடல்களில் சிக்னல் தண்டின் இரும்பு வழியாகத்தான் மின்சாரம் பைக்கின் இரும்புச் சட்டத்துக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில் கறள் பிடித்தால், அல்லது பெயின்ற் அடித்தவர் திருகாணி இறங்கும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டால், திரும்பும் வழி அடைபட்டுப் போகும். பின்பக்க லைட்டுகளுக்கு ஒரே ஏர்த் வயர் இருக்கும் பைக்கில் அது விட்டுப்போனால், மின்சாரம் பின் லைட்டின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். சிக்னல் போட்டால் பின் லைட்டும் கூடச் சேர்ந்து மினுங்குவதும், பிரேக் பிடித்தால் சிக்னல் மங்குவதும் அதனால்தான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நீளமான ஒரு வயரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவில் பிடித்து, மறுமுனையை அந்தப் பல்பு ஹோல்டரின் வெளி உலோகத்தில் தொடுங்கள். சட்டென்று வெளிச்சம் ஏறினால் குறை ஏர்த்தில். தண்டைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சாண்ட் பேப்பரால் தேய்த்து, மெல்லியதாக வாசலின் பூசி, இறுக்கிப் பூட்டுங்கள். ஹோல்டரின் அடியில் பச்சைக் களிம்பு இருந்தால் அதையும் சுரண்டி விடுங்கள்.

இவ்வளவும் சரியென்றால் அப்புறம் பிளாஷரைப் பாருங்கள். சாவியைப் போட்டு, சுவிட்சை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, பிளாஷரின் இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுங்கள். ஹொண்டாவில் கறுப்பும் சாம்பலும், யமஹாவில் பிரவுணும் வெள்ளைக் கோடு போட்ட பிரவுணும். வேறு வயரிலோ சட்டத்திலோ பட்டுவிடாமல் கவனம். அப்போது லைட்டுகள் நிலையாக எரிந்தால் பிளாஷர்தான் பழுது, வாங்கலாம். எரியாவிட்டால் குறை சுவிட்சிலோ வயரிலோ. ஹாண்டிலை இடமும் வலமும் திருப்பும்போது வந்து வந்து போனால், ஹாண்டில் கழுத்தடியில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். இடப்பக்கத்துக்கு ஹொண்டாவில் ஒரேஞ்ச், வலப்பக்கத்துக்கு இளநீலம். சுவிட்சைத் திறப்பதானால் விரித்த துணிக்கு மேலே வைத்துத் திறவுங்கள். உள்ளே சிறு ஸ்பிரிங்கும் குண்டும் பாய்ந்துவிடும்.

எல்ஈடி சிக்னல் பூட்டும் தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பிளாஷர் வேலை செய்வது பல்பு இழுக்கும் மின்சாரத்தை நம்பித்தான். 10 வாட் பல்புகள் இரண்டுக்கு 12 வோல்ட்டில் 1.7 அம்பியர் அளவு போகும். எல்ஈடி அதில் சிறு பங்கைத்தான் இழுக்கும், அதனால் பிளாஷர் அசையாது. எல்ஈடிக்கென்று வரும் எலக்ட்ரானிக் பிளாஷரைப் போடுங்கள். கூடுதல் மின்சாரத்தை இழுக்கும் ரெசிஸ்டர் போட்டும் சமாளிக்கலாம், ஆனால் அது சூடேறும், பிளாஸ்டிக்குக்கு அருகில் வைக்கக் கூடாது. மீற்றரில் சிக்னலுக்கு ஒரே சிறு லைட் மட்டும் இருக்கும் பைக்குகளில், அந்த லைட் இட வலச் சிக்னல்களுக்கு நடுவே இணைக்கப்பட்டிருக்கும். அதில் எல்ஈடி போட்டால் நான்கும் ஒன்றாக மினுங்கத் தொடங்கும். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் இரண்டு போட்டு அந்தச் சிறு லைட்டைத் தனியே ஏர்த்துக்குக் கொண்டுபோனால் சரிவரும். அதை நாங்கள் செய்து தருவோம்.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெற்றோல் டாங்கின் அடியால் ஓடும் வயர் அது, சூடேறினால் தீப்பிடிக்கலாம். அதே அம்பியர் பியூஸ் எங்களிடம் எப்போதும் இருக்கிறது. போட்ட பியூஸ் திரும்பவும் போனால், எங்கோ வயர் சட்டத்தில் உரசுகிறது. அதை உடனே கொண்டுவாருங்கள்.

எங்களிடம் வரும்போது இரண்டு விஷயம் கவனித்து வந்தால் வேலை விரைவாக முடியும்: குறை ஒரு பக்கம் மட்டுமா இரு பக்கமுமா, மழைக்குப் பிறகு கூடுகிறதா. கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று தூரத்தில் இருந்து வருபவர்கள் காலையிலேயே வாருங்கள். வயர் வேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், அன்றைக்கே பைக்கைத் தந்து அனுப்பலாம். ஏர்த் சோதிக்கும் அந்த ஒரு வேலைக்கு மட்டும் நாங்கள் காசு வாங்குவதில்லை.

அன்புடன்,
உங்கள் மோட்டார் சைக்கிள் திருத்தகத்தார்,
திருகோணமலை